கேரவனில் அவுட்பேக்: நண்பர்களோடு போய் இலவச முகாம்களில் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஜூலையில் இரண்டு கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி), ஒரு கூடாரம், ஏழு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள் என்று ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் அடிலெய்டிலிருந்து, அவுட்பேக் என்று சொல்லும் ஆள் குறைந்த வறண்ட உள்நாட்டுப் பகுதி வழியாக, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போய்த் திரும்பினோம். ஒரு கேரவன், எங்களோடு வந்த அண்ணனுடைய சொந்த வண்டி. இன்னொன்று நாங்கள் வாடகைக்கு எடுத்தது. கூடாரம், கல்யாணம் ஆகாத இரண்டு பேருக்கு. திரும்பி வந்ததிலிருந்து அதே கேள்விகளைப் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இலவச முகாம் என்றால் உண்மையிலேயே இலவசமா?

இடம் இலவசம். மற்றது எல்லாம் உங்கள் செலவு. கேரவன் பார்க்கில் கரண்ட் உள்ள இடத்துக்கு ஊரையும் பருவத்தையும் பொறுத்து ஓர் இரவுக்கு 40 முதல் 60 டாலர் வரை கேட்பார்கள். அந்தக் காசுக்குக் கரண்ட், குழாய்த் தண்ணீர், வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் கிடைக்கும். இலவச முகாமில் பெரும்பாலும் கிடைப்பது சமமான ஒரு தரை. சில இடங்களில் ஒரு மேசையும் குப்பைத் தொட்டியும் இருக்கும். கழிப்பறை இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

நாங்கள் இரண்டு இரவு வெளியே, ஒரு இரவு பார்க்கில் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். மூன்றாவது நாள் வெந்நீரில் தலை முழுகிவிட்டு வரும்போது அந்த ஐம்பது டாலர் யாருக்கும் வலிக்கவில்லை.

எங்கே வேண்டுமானாலும் ஓரம்கட்டித் தூங்கலாமா?

கூடாது. ஆள் அரவமே இல்லாத பொட்டல்போலத் தெரிந்தாலும் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒன்று, மாட்டுப் பண்ணை. ஒரே பண்ணை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் இருக்கும். இல்லையென்றால் பழங்குடி மக்களின் நிலம். அதற்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். நாங்கள் போன ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இன்னொரு விசேஷமும் உண்டு. பிம்பா என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை, வூமேரா தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைகிறது. ராணுவம் ஆயுதச் சோதனை நடத்தும் நிலம் அது. நெடுஞ்சாலையில் போகலாம், குறிக்கப்பட்ட ஓய்விடங்களில் நிற்கலாம். “அந்த மேட்டுக்குப் பின்னால் போய் நிறுத்தினால் அழகாயிருக்கும்” என்று உள்ளே இறங்கக் கூடாது.

நிறுத்த வேண்டியது பலகை வைத்த ஓய்விடங்களில்தான். பலகையில் எழுதியிருக்கும் நேரக் கட்டுப்பாட்டைப் படியுங்கள். பல இடங்களில் 24 மணி நேரம். எங்கே என்ன இருக்கிறது என்பதற்கு எல்லோரும் பார்ப்பது விக்கிகேம்ப்ஸ் என்ற செயலி. முன்பு தங்கியவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அதில் இருக்கும். வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனபிறகு சிக்னல் கிடைக்காது.

லாரிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். அந்த ஓட்டுநர்கள் சட்டப்படி ஓய்வெடுத்தே ஆகவேண்டியவர்கள். நீங்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அறுபது டன்னுக்கு மேல் ஏற்றிய வண்டியோடு தூக்கக் கலக்கத்தில் ஒரு மனிதர் அடுத்த இடம் தேடிப் போகவேண்டி வரும்.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) வழியில் வரும் கூபர் பீடி பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். வடக்கே டார்வின் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம்.

ஆனால் “பாலைவனம்தானே” என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகலில் இருபது டிகிரி இதமாக இருக்கும், சில நாள் விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். ஒரு நாள் காலை வெளியே விட்டிருந்த நாற்காலிகள்மேல் சர்க்கரை தூவினமாதிரி உறைபனி. இரவில் கழுவிக் கவிழ்த்துவைத்த டம்ளர்கள் மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

என்ன வழி, எத்தனை நாள்?

எங்களுக்கு 14 நாள் ஆனது; சுற்றிச் சுமார் 3,600 கிலோமீட்டர். அடிலெய்டிலிருந்து போர்ட் ஆகஸ்டா 310. அங்கே ஆரம்பிக்கிறது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். 1862இல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து முடித்த ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் போன தடத்தை ஒட்டித்தான் இந்தச் சாலை போகிறது. முழுக்கத் தார்ச்சாலை. கேரவனோடு முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

போகும்போது நாங்கள் ஓர் இரவு தங்கியது பிம்பாவுக்கு வடமேற்கே இருக்கும் லேக் ஹார்ட் ஓய்விடம். எதிரே உப்பு ஏரி. வெயில் சாயும்போது வெள்ளை, ரோஸ், ஊதா என்று மாறிக்கொண்டே இருந்தது. ஏரிக்கும் நமக்கும் நடுவே ரயில் பாதை. நடு இரவில் சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் எழுந்து ஜன்னலில் பெட்டிகளை எண்ணிவிட்டு எண்பதில் தூங்கிவிட்டார்கள். அடுத்து கூபர் பீடி: ஓபல் கல் தோண்டும் ஊர். வெயிலுக்குப் பயந்து மக்கள் பூமிக்குள்ளேயே வீடு, தேவாலயம், ஹோட்டல் எல்லாம் குடைந்து வைத்திருக்கிறார்கள். பிறகு மார்லா, மாநில எல்லை, எர்ல்டண்டா. அங்கே இடதுபக்கம் திரும்பினால் சுமார் 250 கிலோமீட்டரில் உலுரு என்ற பிரம்மாண்டமான செம்பாறை. நேராகப் போனால் 200 கிலோமீட்டரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட பிரதேசத்துக்கும் குளிர்காலத்தில் ஒரே நேரம்தான். இந்தியாவைவிடச் சரியாக நாலு மணி நேரம் முன்னால். அம்மாவுக்கு எப்போது போன் செய்வது என்று கணக்குப் போடச் சுலபம், சிக்னல்தான் இருக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

தூரத்தை விடுங்கள். எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் விதி: பிற்பகல் மூன்று மணிக்குமேல் சக்கரம் சுழலக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் கங்காரு. அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும்தான் அவை மேய வெளியே வரும். ஜூலையில் ஆறு மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும், ஐந்து மணிக்கே அவை சாலையோரத்தில் நிற்க ஆரம்பித்துவிடும். கார் வெளிச்சத்தைப் பார்த்து ஓடாது, வண்டிக்கு முன்னால் வந்து குதிக்கும். வேலியில்லாத பண்ணைகளில் மாடுகளும் தாராளமாகப் படுத்திருக்கும். பின்னால் இரண்டரை டன் கேரவன் இருக்கும்போது சட்டென்று ஒடிக்கவும் முடியாது, பிரேக் அடித்து உடனே நிற்கவும் முடியாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டி அடிபட்டால் காப்பீடு செல்லாது என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இடம். மூன்று மணிக்குப் போனால் நல்ல இடம் உங்களுக்கு. ஐந்து மணிக்குப் போனால் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

மூன்றாவது காரணம் வயிறும் மனசும். எங்கள் குழுவில் வந்த எல்லாச் சண்டையும் நாலரை மணிக்குமேல், இருட்டப் போகிற பதற்றத்தில், பசியோடு இருக்கும்போது வந்தவைதான். மார்லாவுக்கு முன்னால் ஒரு நாள், “இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, போயிடலாம்” என்று ஒருவர் சொல்ல, சரி என்று போனோம். சூரியன் நேராகக் கண்ணில் அடிக்க, முன்னால் போன வண்டி ஓர் ஈமுவுக்காகப் பிரேக் போட, பின்னால் வந்த எங்கள் வண்டியில் அலமாரி திறந்துகொண்டு ரசப்பொடி டப்பா மெத்தைமேல் கொட்டியது. மீதி நாள் முழுக்க ரச வாசனையில் தூங்கினோம்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பி, நடுவில் ஒரு மணி நேரம் நின்று, மூன்றுக்கு நின்றால் 350 முதல் 400 கிலோமீட்டர் வரும். அது போதும்.

கேரவன் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸே போதும். வேகத்தைப் பொறுத்தவரை, வட பிரதேசத்தில் நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் 130 என்று பலகை இருக்கும். அது உங்களுக்கு இல்லை. நாங்கள் 90ஐத் தாண்டவில்லை. டீசலும் மிச்சம், கேரவனும் வாலாட்டவில்லை.

எடை, எடை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டிய விஷயம்தான். கேரவன் தகட்டில் ஏடிஎம் என்று ஓர் எண் அடித்திருக்கும். பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை. சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை. காலியாக 2,100 கிலோ, ஏடிஎம் 2,500 என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 400 கிலோ. கேட்க நிறைய மாதிரித்தான் இருக்கும். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளும் நிறைந்தால் அதிலேயே 190 கிலோ போய்விடும். இரண்டு கேஸ் சிலிண்டர், பந்தல், நாற்காலி, அரிசி, பருப்பு, போர்வை என்று கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது, கொக்கிமேல் இறங்கும் எடை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்பக்கம் அழுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எடையெல்லாம் பின்பக்கம் போய்விட்டால், பெரிய லாரி தாண்டும்போது கேரவன் இடதும் வலதுமாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் பிடித்துக்கொண்டால் காரையும் சேர்த்துத்தான் கவிழ்க்கும். கனமானதையெல்லாம் கீழே, அச்சுக்கு நேர்மேல் வையுங்கள்.

எங்கள் கதை: கிளம்புவதற்கு முந்தைய நாள் எடைமேடையில் ஏற்றினோம். அண்ணன் கேரவன் 30 கிலோ அதிகம். என்ன இருக்கிறது என்று பின்கதவைத் திறந்தால், படுக்கைக்கு அடியில் போர்வை சுற்றி ஒரு வெட் கிரைண்டர். “மாவு இல்லாம பதினாலு நாளா?” என்றார் அண்ணி. கல்லோடு சேர்த்து அது மட்டும் பதினைந்து கிலோ. ரொம்பப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கிரைண்டர் இறங்கியது, கூடவே அண்ணனுடைய மூன்றாவது மீன்பிடித் தூண்டில் பெட்டியும் இறங்கியது. பாலைவனத்தில் எங்கே மீன் பிடிப்பதாக இருந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ரிவர்ஸ் எடுப்பது எப்படி?

முடிந்தவரை எடுக்காதீர்கள். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கை போகும் பக்கம் கேரவனின் பின்பக்கம் போகும், மூளை குழம்பாது.

வழி சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் நாள் நாலு பேர் வழி சொன்னார்கள். ஒருவர் “வா வா வா”, ஒருவர் “ஒடி ஒடி”, ஒருவர் கையை மட்டும் ஆட்டினார், நாலாமவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் கையில் பிடிக்கும் யூஎச்எஃப் ரேடியோவை (வாக்கி டாக்கி மாதிரி) ஒருவருக்கு மட்டும் கொடுத்தோம், கத்தல் ஓய்ந்தது.

ரோடு டிரெயின் என்றால் என்ன? தாண்டுவது ஆபத்தா?

ஒரே லாரி, பின்னால் மூன்று நாலு பெட்டிகள், 53.5 மீட்டர் வரை நீளம். அதை நீங்கள் தாண்ட ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியான சாலை தெரிய வேண்டும். கேரவனோடு அதைத் தாண்ட ஆசைப்படாதீர்கள். நின்று ஒரு டீ போட்டுக் குடியுங்கள்.

அது உங்களைத் தாண்ட வந்தால் யூஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் பேசுவார்கள். லாரிக்காரர்கள் அந்தச் சேனலில்தான் இருப்பார்கள். கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேச 18. லாரி வருவது தெரிந்தால் அதே வேகத்தில், நேராக, இடதுபக்கத்தை ஒட்டிப் போங்கள். சாலையைவிட்டு மண்ணில் இறங்காதீர்கள், கல் தெறித்து அவர்கள் கண்ணாடிதான் உடையும். தாண்டி முடித்ததும் “பின்னால் கிளியர்” என்று நீங்கள் ரேடியோவில் சொன்னால், இடப்பக்க வலப்பக்க விளக்குகளை மாற்றி மாற்றி அடித்து நன்றி சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸைவிட அதுதான் பிடித்தது.

தண்ணீர் எவ்வளவு?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தோம். அது போக, வண்டி நின்றுபோனால் தாக்குப்பிடிக்க இரண்டு நாள் தண்ணீர் தனிக் கேனில். தொட்டி உடைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால்தான் தனிக் கேன். நாங்கள் கல் தெறித்துக் குழாய் உடைந்து ஒரு தொட்டியை இழந்தோம், அதனால் சொல்கிறேன். பல ரோட்ஹவுஸ்களில் (பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம்) குழாயில் வருவது ஆழ்துளைத் தண்ணீர். உப்புக் கரிக்கும், டீ திரிந்ததுபோல் இருக்கும். கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

பாத்திரம் கழுவுவதில்தான் நம் ஆட்கள் தண்ணீரைக் கொட்டுவார்கள். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும்.

கழிப்பறை?

கேரவனில் இருக்கும் கழிப்பறைக்கு அடியில் இழுத்தெடுக்கும் பெட்டி ஒன்று உண்டு, கேசட் என்பார்கள். இருபது லிட்டர்போலப் பிடிக்கும். நாலு பேருக்கு இரண்டு, மூன்று நாள் வரும். ஊர்களில் “டம்ப் பாயின்ட்” என்று பலகை வைத்த இடத்தில்தான் அதைக் கொட்ட வேண்டும். ஓய்விடத்துக் குழிக் கழிப்பறையில் கொட்டினால் உங்கள் ரசாயனம் அங்கே இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், அப்புறம் அந்த இடமே நாறும்.

யார் கொட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் சீட்டாட்டத்தில் தோற்றவர் என்று வைத்திருந்தோம். பதினாலு நாளில் நான் ஐந்து தடவை கொட்டினேன். ஆட்டத்தில் ஏமாற்று நடந்தது என்றே இன்னும் நினைக்கிறேன்.

கேரவன் இல்லாமல் கூடாரத்தில் இருப்பவர்கள் ஒரு மண்வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் ஆழம், தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி. காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும். நல்ல முகாம்கள் பல மூடப்பட்டதற்கு இந்த வெள்ளைக் காகிதங்கள்தான் காரணம்.

கரண்ட்?

கூரைமேல் சோலார், உள்ளே லித்தியம் பேட்டரி. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் ஓடும். மிக்ஸி இன்வர்ட்டரில் இரண்டு நிமிடம் ஓடும். ஏசி ஓடாது. ஜெனரேட்டர் வைத்திருந்தால் இரவில் ஓட்டாதீர்கள். அமைதிக்காக ஆயிரம் கிலோமீட்டர் வந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள்.

சாப்பாடு என்ன செய்தீர்கள்? மாவு புளித்ததா?

புளிக்கவில்லை, முதல் இரண்டு நாள். இரவு இரண்டு டிகிரியில் எந்த மாவு பொங்கும்? மூன்றாம் நாள் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் இடத்தில், துண்டில் சுற்றி, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். சாயங்காலம் நிற்பதற்குள் பொங்கி வழிந்தது. கிளென்டாம்போ தாண்டி வேறு எதுவுமே இல்லாத 250 கிலோமீட்டரில் கார் முழுக்கப் புளித்த மாவு வாசனை.

பொடி, ஊறுகாய், வத்தக்குழம்புப் பேஸ்ட் நிறைய வையுங்கள். காய்கறி விஷயத்தில் மட்டும் கவனம். மாநில எல்லை தாண்டும்போது பழ ஈ பரவாமல் இருக்கப் பழம், காய்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சில இடங்களில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள், சில இடங்களில் நீங்களே போடுவதற்குத் தொட்டி இருக்கும். நல்லார்பர் சமவெளி வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களிடம் எல்லையில் தேனைக்கூட வாங்கிவிடுவார்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிதான். நாங்கள் வம்பே வேண்டாம் என்று வறுத்துப் பொடியாக்கிக் கொண்டுபோனோம்.

நண்பர்களோடு பதினாலு நாள். சண்டை வராதா?

வரும். எதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

காசில் வரும். டீசல் அவரவர் வண்டிக்கு அவரவர், சாப்பாட்டுக்கு ஒரே உண்டியல், கேரவன் பார்க் தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கேரவன் இழுக்கும் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும். கூடாரம் கொண்டுவந்தவனுடைய கார் அதில் பாதி குடிக்கும். “எல்லாம் சமமாப் பிரிச்சுக்கலாம் மச்சி” என்று நட்பில் சொல்லிவிட்டு அப்புறம் மனதுக்குள் கணக்குப் பார்ப்பதுதான் கசப்பு.

காலையில் கிளம்பும் நேரத்தில் வரும். ஒரு குடும்பம் ஏழு மணிக்கே நாற்காலியை மடித்துவிட்டு நிற்கும், இன்னொரு குடும்பம் எட்டரைக்குப் பல் தேய்க்கும். நாங்கள் கண்ட வழி, சேர்ந்து கிளம்பாமல் இருப்பது. சீக்கிரம் எழுந்தவர்கள் போய் இடம் பிடிக்கட்டும், மற்றவர்கள் பின்னால் வரட்டும். மூன்று மணிக்கு இன்ன இடத்தில் என்பது மட்டும் பொது. நாள் முழுக்கத் தனித்தனியாக இருந்துவிட்டுச் சாயங்காலம் சந்திக்கும்போது பேச விஷயமும் இருக்கும்.

அந்தச் சாயங்காலம் என்பது இங்கே ஒரு சடங்கு. நாலரை, ஐந்து மணிக்குக் கேரவன்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவார்கள். ஹேப்பி ஹவர் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று மாதக்கணக்கில் சுற்றும் பெரியவர்கள்தான் அதிகம். அவர்களை கிரே நோமட்ஸ் என்பார்கள். நாமும் போகலாம். நம் நாற்காலி, நம் குடிக்கும் டம்ளர், பகிர ஏதாவது நொறுக்கு. நாங்கள் முறுக்கு கொண்டுபோனோம். குயின்ஸ்லாந்திலிருந்து வந்த ஒரு தாத்தா பல்செட்டைப் பற்றிக் கவலைப்படாமல் எட்டு முறுக்கு சாப்பிட்டுவிட்டு, அடுத்த நூறு கிலோமீட்டரில் எந்த ஓய்விடத்தில் காற்று அடிக்காது, எங்கே டீசல் மலிவு என்று எல்லாம் சொன்னார். எந்தச் செயலியிலும் அது இல்லை.

சிக்னல் இல்லாத இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்?

டெல்ஸ்ட்ரா சிம் ஒன்றாவது வைத்திருங்கள். அவுட்பேக்கில் அதிக இடங்களில் எடுப்பது அதுதான். அதுவும் ஊர், ரோட்ஹவுஸ் சுற்றித்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. கைக்கு அடக்கமான பிஎல்பி என்ற அபாயக் கருவி ஒன்று வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதை அழுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணியினருக்குத் தகவல் போகும்.

டாக்டர் தூரமாயிற்றே என்று கேட்டால், அங்கே டாக்டர் விமானத்தில் வருவார். ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928இல் தொடங்கிய ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சில இடங்களில் தார்மேல் கோடு போட்டு, விமானம் இறங்கும் அவசர ஓடுதளம் என்று பலகை வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியைவிட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்களுக்கு மேலேயிருந்து கார்தான் தெரியும், மனிதன் தெரியமாட்டான்.

உலுருவில் இலவசமாகத் தங்க முடியுமா?

முடியாது. தேசியப் பூங்காவுக்குள் முகாமே கிடையாது. வெளியே யுலாரா என்ற ஊரில் இருக்கும் கேம்ப்கிரவுண்டில் முன்பதிவு செய்யுங்கள். ஜூலை பள்ளி விடுமுறைக்குப் பல மாதம் முன்பே. போகிற வழியில் தட்டையான ஒரு மலை தெரியும், அதுதான் உலுரு என்று எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது மவுன்ட் கானர். நாங்களும் அனுப்பினோம்.

உலுருமேல் ஏறலாமா என்று கேட்கிறார்கள். 1985 அக்டோபர் 26 அன்று அந்த நிலம் அங்குள்ள பழங்குடிகளான அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஏறக்கூடாது என்று அவர்கள் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019இல் அதே அக்டோபர் 26 அன்று ஏறும் வழியை மூடிவிட்டார்கள். சுற்றி நடக்கச் சுமார் பத்து கிலோமீட்டர். அதுவே போதும், காலையிலேயே தொடங்குங்கள்.

மண்சாலையில் கேரவனைக் கொண்டுபோகலாமா?

அதற்கென்று கட்டிய கேரவன் என்றால் போகலாம். வாடகைக் கேரவன் என்றால் பெரும்பாலும் ஒப்பந்தமே விடாது. எனக்கு இருந்த ஒரே ஏக்கம் ஊட்னடாட்டா பாதை. மார்ரீயிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல், பழைய கான் ரயில் தடத்தை ஒட்டிப் போகும். அந்த ரயிலுக்குப் பெயர் வந்ததே நம் துணைக்கண்டத்திலிருந்து ஒட்டகத்தோடு வந்தவர்களால்தான். பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து என்று எங்கிருந்து வந்தாலும் எல்லோரையும் “ஆஃப்கான்” என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலுக்கும் லாரிக்கும் முன்னால் இந்தப் பாலைவனத்துக்குச் சாமான் சுமந்தது அவர்களுடைய ஒட்டகங்கள். பிறகு அவிழ்த்துவிடப்பட்டவற்றின் வம்சம்தான் இன்றைக்குச் சாலையில் குறுக்கே வந்து நிற்கிறது.

மழை பெய்தால் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் கடுமை.

நாயைக் கூட்டிப் போகலாமா?

தேசியப் பூங்காக்களுக்குள் கூடாது. மற்ற இடங்களிலும் கட்டியே வையுங்கள். நரிக்கும் டிங்கோ என்ற காட்டு நாய்க்கும் 1080 என்ற விஷ இரை போட்டிருப்பார்கள்.

நெருப்பு மூட்டலாமா?

தடை நாளா என்று முதலில் பாருங்கள். தேசியப் பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது. நாங்கள் மூன்று இரவுதான் மூட்டினோம், ஏற்கெனவே கல் அடுக்கியிருந்த குழியில். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காலையில் வெறுங்காலோடு வரும் குழந்தை மிதித்துவிடும். தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அணைத்தபிறகு ஐந்து நிமிடம் எல்லா விளக்கையும் நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். துருவ நட்சத்திரம் இங்கே தெரியாது. பால்வீதியில் நட்சத்திரங்களைத் தேடாமல் அவற்றுக்கு நடுவே இருக்கும் கறுப்பைப் பாருங்கள். தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில் தலை, அங்கிருந்து நீண்ட கழுத்து, பெரிய உடம்பு என்று ஓர் ஈமு படுத்திருக்கும். பழங்குடி மக்கள் பலர் காலங்காலமாகப் பார்க்கும் ஈமு அது. தெரியும்வரை தெரியாது, தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

பாம்பு, பூச்சி?

குளிர்காலத்தில் பாம்பு அபூர்வம். ஈ உண்டு. வெயில் ஏறியதும் கண், மூக்கு, வாய் என்று ஈரம் தேடி வரும். தலைக்கு மாட்டும் வலை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும், இரண்டாம் நாள் தூங்கும்போதும் கழற்றமாட்டீர்கள்.

வாடகைக் கேரவன் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

எடுக்கிற அன்றே ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிப் பாருங்கள், கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், கூரைமேல் ஏறிப் படம் எடுங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்தவர்கள் நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்தார்கள், நாங்களும் அவசரத்தில் தலையாட்டினோம். தொட்டியின் குழாய்க்குக் கல்தடுப்புத் தகடே இல்லை என்பது அது உடைந்த பிறகுதான் தெரிந்தது. கிளம்பும் முன் எடுத்த படம் ஒன்றில் தற்செயலாக அடிப்பக்கமும் விழுந்திருந்தது. அதைக் காட்டியதும் பிடித்த முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதனால் படுத்துக்கொண்டு அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள், தேதி தெரிகிறமாதிரி.

திருப்பிக் கொடுக்கும் முன் கேசட்டைக் காலி செய்யுங்கள். நாங்கள் கடைசியாக ஒரு ஆட்டம் போட்டோம். ஆறாவது தடவையும் நான்தான்.